அழைப்புப் பெறாத வீரர்

நமது கல்லூரி மலரின் தமிழ்ப் பகுதிக்கு விளையாட்டைப் பற்றி ஏதேனும் எழுதித் தருமாறு மலராசிரியர் கேட்டபோது யாம் முதலில் மறுத்தோம். யாம் மைதானத்தை விட்டு நீங்கி ஐம்பது ஆண்டுகளாகின்றன. முழங்கால்கள் இரண்டும் எம் சொல்லைக் கேட்பதில்லை. பழைய மாணவர் என்னும் உரிமையால் இளைஞருக்கு விளையாட்டின் பயன்களை எடுத்துரைக்கும் கட்டுரைகளுக்கும் இம்மலரில் என்றுமே குறைவில்லை. அவற்றுள் இரண்டு யாமே எழுதியவை. ஆயினும், பழைய மலர்களைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, யாம் மாணவராயிருந்த காலத்தில் எழுதிய ஓர் அறிக்கை கண்ணிற் பட்டது. அதில் ஒரு வாக்கியம் திருத்தப்பட வேண்டியது. அதனைத் திருத்தும் துணிவை எமக்கு அளித்தது, கடல் கடந்த நாட்டில், யாம் ஒருபோதும் ஆடியறியாத ஓர் ஆட்டத்தில், 1951-ம் ஆண்டில் ஒன்பது பந்தயங்கள் ஆடிய ஒரு கல்லூரிக் குழுவின் வரலாறு. ஆதலின் அதனையே முதற்கண் கூறுவோம்.

எம் மகன் கலிபோர்னியா மாகாணத்துச் சான் பிரான்சிஸ்கோ நகரில் தொழில் செய்து வருகின்றான். 2018-ம் ஆண்டு கோடையில் அவன் இல்லத்தில் மூன்று திங்கள் தங்கியிருந்தோம். கோடை என்பது பெயரளவில்தான். கடலிலிருந்து மூடுபனி ஏறிவந்து தெருக்களை நிறைத்துவிடும். ஆனி மாதத்தில் கம்பளிச் சட்டையும் கழுத்துத் துணியுமாக உலாவினோம் என்றால் நம் ஊரார் நம்பமாட்டார்கள். யாம் காலையில் உலாவும் வழியில் ஒரு குன்று. அதன்மேல் இரட்டைக் கோபுரங்களையுடைய புனித இஞ்ஞாசியார் ஆலயம். அதனை அடுத்துச் சான் பிரான்சிஸ்கோ சர்வகலாசாலை. இயேசு சபைக் குருமார் 1855-ம் ஆண்டில் ஒரு சிறு பள்ளியாகத் தொடங்கியது இன்று குன்று முழுவதும் பரவி நிற்கின்றது. அங்குள்ள மாணவர் விடுதியொன்றின் பெயர் டோலர் மாளிகை. யாரோ பொருளுதவி செய்த தனவந்தராயிருப்பார் என்று எண்ணி ஒரு மாணவனைக் கேட்டோம். அவன் சிரித்துவிட்டு, "அல்லர் ஐயா, பந்தாட்டக்காரர்" என்றான்.

அவ்விடுதிக்கு முன்பிருந்த பெயர் பெலன் மாளிகை. ஜேம்ஸ் பெலன் என்பவர் அந்நகரத்தின் மேயராகவும், பின்னர் ஐக்கிய நாட்டுச் செனட் சபை அங்கத்தினராகவும் இருந்தவர். 1920-ம் ஆண்டுத் தேர்தலில் அவர் சுவரொட்டிகளில் அச்சிட்டுப் பரப்பிய கோஷம், கலிபோர்னியாவை வெள்ளையருக்கே உரியதாக வைத்திருக்க வேண்டும் என்பது. சீனரும் ஜப்பானியரும் அம்மண்ணில் கால் வைக்கலாகாது என்று பல்லாண்டு பாடுபட்டவர். மாணவர் வேண்டுகோளால் 2017-ம் ஆண்டில் அப்பெயர் நீக்கப்பட்டு, பர்ல் டோலர் என்னும் கறுப்பினத்தவரின் பெயர் சூட்டப்பெற்றது. அவர் அச்சர்வகலாசாலையின் 1951-ம் ஆண்டுப் பந்தாட்டக் குழுவில் ஒருவர்.

அன்று தொடங்கி அக்குழுவைப் பற்றிக் கிடைத்தவற்றையெல்லாம் தேடிப் படிக்கலானோம். மருமகள் எம்மை நூலகத்தில் விட்டுவிட்டு அலுவலகம் போவாள். மாலையில் வந்து அழைத்துச் செல்வாள். ஊர் சுற்றிப் பார்க்க வந்தவர் நூலகத்தில் அடைந்து கிடக்கின்றாரே என்று அவளுக்கு வருத்தம்.

அமெரிக்கர் கால்பந்து என்று அழைக்கும் ஆட்டம் நம்முடைய கால்பந்தன்று. கட்சிக்குப் பதினொருவர் என்பதைத் தவிர வேறு ஒற்றுமை காண்பதரிது. பந்து இருபுறமும் கூர்த்த நீளுருண்டை. காலால் உதைப்பது சிறுபான்மை, கையால் ஏந்தி ஓடுவதும் எறிவதும் பெரும்பான்மை. களத்தின் நீளம் 100 கெஜம். நான்கு முயற்சிகளுக்குள் பத்துக் கெஜம் முன்னேற வேண்டும். இயலாவிடின் பந்து எதிரிகள் வசமாகும். எதிரியின் எல்லைக்கோட்டைக் கடந்து பந்தைச் சேர்த்தால் ஆறு புள்ளி. பார்ப்பவர்க்கு முதலில் ஒரே அடிதடியாகத் தோன்றும். எமக்கு அப்படித்தான் தோன்றியது. சிறிது பழகிய பின்னரே, பந்தை ஏந்தி ஓடும் ஒருவன் பொருட்டுப் பத்துப் பேர் தம் உடலை வேலியாக்கி வழி செய்வதே அந்த ஆட்டத்தின் உயிர் என்பது புலப்பட்டது. ஓடுபவன் பெயர் மட்டும் மறுநாள் பத்திரிகையில் வரும்.

1951-ல் அவ்வாறு ஓடியவர் ஆலி மேட்சன். டெக்சாஸ் மாகாணத்து டிரினிட்டி என்னும் சிற்றூரில் பிறந்தவர். எதிரியின் ஓட்டத்தைத் தடுக்கும் வரிசையில் நின்றவர் பர்ல் டோலர். டென்னஸி மாகாணத்து மெம்பிஸ் நகரத்தவர். கறுப்பினத்தார் தனிப் பள்ளியிற் படித்து, வண்டியில் தனி இடத்தில் அமர்ந்து, தனிக் குழாயில் நீரருந்த வேண்டியிருந்த தென்பகுதியிற் பிறந்த இவ்விருவரும் சான் பிரான்சிஸ்கோ நகரக் கல்லூரியில் ஒருங்கே ஆடிப் பின்னர் இக்குன்றுக்கு வந்தவர்கள். இவர்களுடன் ஆடியவர்களுள் ஜினோ மார்ச்செட்டி இத்தாலியக் குடியேறிகளின் மகன்; பள்ளிப் பருவத்திலேயே உலகப் போருக்குச் சென்று ஐரோப்பாவிற் போரிட்டுத் திரும்பியவர். பாப் செயின்ட் கிளேர் என்பவரின் உயரம் ஆறடி ஒன்பது அங்குலம். மாமிசத்தைச் சமைக்காமலே உண்பவர் என்று பெயர் பெற்றவர். இப்படிப்பட்டவர்களையெல்லாம் ஒரு கட்டுக்குள் வைத்துப் பழக்கியவர் ஜோ குகாரிக் என்னும் பயிற்சியாளர். குழுவின் செய்திகளைப் பத்திரிகைகளுக்கு எழுதியனுப்பும் வேலை பீட் ரோசெல் என்ற இளைஞருடையது. குழுவினரை 'டான்கள்' என்று அழைத்தனர். ஸ்பானிய மொழியில் 'டான்' என்பது பெரியோர் பெயர்முன் வைக்கும் மரியாதைச் சொல்.

சர்வகலாசாலையோ சிறியது; வருவாயும் குறைவு. பெரிய சர்வகலாசாலைகள் இவர்களோடு ஆட விரும்பவில்லை. வென்றால் பெருமையில்லை, தோற்றாலோ சிறுமை. அவர்கள் கணக்கு அவ்வளவே. ஆதலின் கிடைத்தவர்களோடெல்லாம் ஆடினர். சான் ஹோசே மாகாணக் கல்லூரியோடு ஒரே பருவத்தில் இருமுறை ஆடினர். கடற்படையாருடனும் கடற்படைச் சார்பான போர்வீரருடனும் ஆடினர். ஐடஹோ சர்வகலாசாலையை வென்றனர். தம் சகோதரக் கல்லூரிகளான இயேசு சபைக் கல்லூரிகள் மூன்றையும் எதிர்த்தனர். அம்மூன்றனுள் ஒன்று கண்டத்தின் மறுகரையில், நியூயார்க்கு நகரத்து போர்டம் சர்வகலாசாலை. பருவம் முழுவதிலும் டான்களுக்கு மூச்சுத் திணறிய பந்தயம் அஃதொன்றே. அன்று மேட்சன், ஆட்டத் தொடக்கத்தில் எதிரி உதைத்தனுப்பும் பந்தை ஏந்திக்கொண்டு, தொண்ணூறு கெஜத்திற்குக் குறையாமல் ஓடி எல்லை சேர்த்தார்; ஒருமுறையன்று, இருமுறை. முடிவில் 32-க்கு 26 என்று வென்றனர்.

நவம்பரில் பசிபிக் கல்லூரியை 47-க்கு 14 என்று வீழ்த்தினர். கடைசிப் பந்தயம் லாஸ் ஏஞ்சலிஸ் லயோலாவுடன். பசடீனா நகரத்து ரோஸ் பௌல் என்னும் பெருங்களத்தில் 20-க்கு 2 என்று வெற்றி. ஒன்பதும் ஆடி ஒன்பதும் வென்றாயிற்று. சமமாய் முடிந்ததும் ஒன்றில்லை. அவ்வாண்டில் மேட்சன் பந்தோடு ஓடிய தூரம் 1,566 கெஜம். அந்நாட்டில் வேறெந்தக் கல்லூரி மாணவனும் அத்தனை தூரம் ஓடவில்லை. பத்திரிகையாளர் வரிசைப்படுத்திய அட்டவணையில் அக்குழு நாட்டிலேயே பதினான்காவதாக வைக்கப்பட்டது.

யாம் ஒருநாள் அவர்கள் ஆடிய கேசர் மைதானத்தையும் போய்ப் பார்த்தோம். பழைய களம் 1989-ம் ஆண்டில் இடிக்கப்பட்டது. அவ்விடத்திலேயே சிறியதொரு மைதானம் இருக்கின்றது. முதியவர் சிலர் ஓடுபாதையில் மெல்ல நடந்துகொண்டிருந்தனர். கடற்பறவைகள் புல்மேல் வரிசையாக உட்கார்ந்திருந்தன. யாமும் இரண்டு சுற்று நடந்துவிட்டு வந்தோம்.

நிற்க. கல்லூரிப் பந்தாட்டப் பருவம் முடிந்தபின், புத்தாண்டை ஒட்டி, சிறந்த குழுக்களை அழைத்து ஆடச் செய்யும் வழக்கம் அந்நாட்டில் உண்டு. அப்பந்தயங்களுக்குப் 'பௌல்' என்று பெயர். மயாமி நகரில் ஆரஞ்சு பௌல், நியூ ஆர்லியன்ஸில் சுகர் பௌல், ஜாக்சன்வில்லில் கேட்டர் பௌல். இவையெல்லாம் தென்பகுதி நகரங்கள். அழைக்கப்படும் கல்லூரிக்குப் பெருமையோடு பணமும் வரும். அந்தப் பணம் டான்களுக்கு எவ்வளவு தேவைப்பட்டது என்பதையும் கூறவேண்டும். பந்தாட்டத்தால் சர்வகலாசாலைக்கு நேர்ந்த நட்டம் ஏறத்தாழ 70,000 டாலர் என்று அக்காலத்திற் சொல்லப்பட்டது. ஓர் அழைப்பு வந்திருந்தால் குழு பிழைத்திருக்கக்கூடும்.

முறையான அழைப்பு எதுவும் வரவில்லை. வந்தது ஒரு குறிப்பு மட்டுமே. மேட்சனையும் டோலரையும் விட்டுவிட்டு வருவதாயின் அழைப்பைப் பற்றிப் பேசலாம் என்பது அதன் கருத்து. பயிற்சியாளர் அதனைக் குழுவினரிடம் தெரிவித்தார். அவர்கள் மறுத்துவிட்டனர். பிற்காலத்தில் மார்ச்செட்டியும் செயின்ட் கிளேரும் முதியவர்களாகி இதனை நினைவுகூர்ந்தபோது, வாக்கெடுப்பு என்று ஒன்றும் நடைபெறவில்லை, விவாதமும் இல்லை, அவ்விருவர் இல்லாமற் போவதில்லை என்பதில் எவருக்கும் இரண்டாம் எண்ணமே எழவில்லை என்ற பொருள்படவே கூறினர். பந்தயக்காரரோ, டான்கள் வென்ற எதிரிகள் வலிமையற்றவர் என்பதே காரணம் என்றனர். டான்களிடம் 47-க்கு 14 என்று தோற்ற பசிபிக் கல்லூரி அதே பருவத்தின் முடிவில் எல் பாசோ நகரத்துச் சன் பௌல் பந்தயத்திற்கு அழைக்கப்பட்டது. அக்குழுவில் கறுப்பினத்தவர் ஒருவர் ஆடவும் செய்தார். ஆதலின், டெக்சாஸ் மண்ணிலும் மனமிருந்தால் கதவு திறக்கும் என்று தெரிகின்றது. சுகர் பௌலில் கறுப்பினத்தவர் ஒருவர் ஆடுவதற்கு 1956-ம் ஆண்டு ஜனவரி வரையிற் காத்திருக்க வேண்டியதாயிற்று. அவர் பிட்ஸ்பர்க் சர்வகலாசாலை மாணவர் பாபி கிரையர்.

1951-ம் ஆண்டுப் பருவத்தோடு சான் பிரான்சிஸ்கோ சர்வகலாசாலை தன் பந்தாட்டக் குழுவைக் கலைத்தது. ஒருமுறையும் தோற்காத குழு, தோற்காத நிலையிலேயே இல்லாதொழிந்தது. இதனைப் படித்தபோது, அம்மாணவர் மறுத்ததனால் இழந்தது ஓர் ஆட்டத்தை மட்டுமன்று என்பது எமக்கு விளங்கிற்று. அவர்களுக்கு அது தெரியாதென்றும் யாம் நினைக்கவில்லை. கணக்குப் புத்தகம் மேசைமேல் திறந்துதான் கிடந்தது.

பின்னர் அவர்கள் சென்ற வழிகள் பல. மேட்சன் 1952-ம் ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக் பந்தயத்தில் ஓடி இரண்டு பதக்கங்கள் பெற்றார். அவரும் மார்ச்செட்டியும் செயின்ட் கிளேரும் தொழில்முறை ஆட்டத்தில் புகழின் உச்சியை அடைந்தனர். செய்தி எழுதியனுப்பிய ரோசெல் 1960-ம் ஆண்டில் தொழில்முறைக் கால்பந்துச் சங்கத்தின் தலைமை ஆணையரானார். டோலருக்கு மட்டும் ஆடக் கொடுத்துவைக்கவில்லை. 1952-ல் கல்லூரி வீரர்களும் தொழில்முறை வீரர்களும் மோதிய காட்சிப் பந்தயத்தில் அவர் முழங்கால் முறிந்தது. ஒரு பந்தயமேனும் தொழில்முறையில் ஆடாமலே அவர் ஆட்டம் முடிந்தது. அவர் ஆசிரியரானார், பின்னர்ச் சான் பிரான்சிஸ்கோ பள்ளியொன்றின் தலைமையாசிரியரானார். 1965-ம் ஆண்டில் தொழில்முறைப் பந்தயங்களின் நடுவர் குழாத்திற் சேர்ந்தார். அச்சங்கத்தில் அப்பணியேற்ற முதற் கறுப்பினத்தவர் அவரே. வாரநாட்களில் பள்ளி, ஞாயிறுதோறும் களம் என்று காலம் கழித்தார். 1980-ம் ஆண்டு ஜனவரியில் நாட்டின் தலைமைப் பந்தயமாகிய சூப்பர் பௌலில் கோட்டு நடுவராக நின்றார். அது நடைபெற்ற இடம், 1951-ல் டான்கள் தம் கடைசிப் பந்தயத்தை ஆடிய அதே ரோஸ் பௌல் களம். 2009-ல் அவர் காலமானார்.

இனி எமது அறிக்கைக்கு வருவோம்.

1973-ம் ஆண்டில் யாம் நமது கல்லூரிக் கால்பந்துக் குழுவின் தலைவராயிருந்தோம். வெளியூர் ஒன்றில் நடைபெற்ற பந்தயத்தில் இறுதி ஆட்டம் வரை சென்றோம். அதற்கு முந்தைய இரவு, அவ்வூர்ப் பெரியவர் ஒருவர் தம் இல்லத்தில் எமக்கு விருந்தளித்தார். வாயிலில் அவருடைய கணக்குப்பிள்ளை அன்போடு வரவேற்று, ஒவ்வொருவரையும் ஊர் எது, எந்தத் தெரு என்று விசாரித்துக்கொண்டே வந்தார். யாம் அதனை உபசாரம் என்றே எண்ணினோம். எம் கோல் கீப்பர் தன் ஊரையும் தெருவையும் கூறியபோது அவர் முகம் மாறியது. எம்மைத் தனியே அழைத்து, அந்தப் பையனுக்கு மட்டும் பின்கட்டில் இலை போடப்படும், தலைவர் என்ற முறையில் நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள் என்றார்.

யாம் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் நேரவில்லை. திரும்பிப் பார்க்கும்போது அவன் எம் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தான். "எனக்குப் பசியில்லை, ஸ்டேஷன் பக்கம் உலாவிவிட்டு வருகிறேன்" என்று கூறிச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான். யாம் பதினைந்து பேர் சென்றிருந்தோம், பதினால்வர் உண்டோம். இலையைப் பார்த்துக்கொண்டே உண்டோம் என்று எழுதினால் அது பொய். பந்தியில் வேடிக்கைப் பேச்சுக்குக் குறைவில்லை. பாயசம் இரண்டாம் முறை வந்தபோதும் வேண்டாமென்று சொன்னவர் எவருமில்லை. யாமும் சொல்லவில்லை. அவன் எங்கே என்று கேட்டவர் இருவர். உலாவப் போயிருக்கின்றான் என்று விடையளித்தோம். அவ்விடையில் எழுத்தளவிலும் பொய்யில்லை என்பதுதான் பின்னாளில் எமக்கு மிகவும் உறுத்தியது.

மறுநாள் ஒன்றுக்குச் சுழியம் என்று வென்றோம். ஆட்டம் முடிவதற்குச் சில நிமிடம் இருக்கையில் எதிரிக்குக் கிடைத்த பெனால்டி உதையை அவனே இடப்புறம் பாய்ந்து தடுத்தான். அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி வந்தோம். அவ்வாண்டு மலரில் குழுத்தலைவர் அறிக்கையில், "எங்கள் அனைவருக்கும் அறுசுவை விருந்தளித்துச் சிறப்பித்த பெரியவருக்கு நன்றி" என்று எழுதினோம். 'அனைவருக்கும்' என்ற சொல் அங்கே அச்சில் இருக்கின்றது. நூலகத்தில் வேண்டுவோர் பார்க்கலாம்.

அமெரிக்காவிலிருந்து திரும்பியதும் அவனைத் தேடிச் சென்றோம். தபால் இலாகாவிற் பணியாற்றி ஓய்வு பெற்று, சொந்த ஊரில் வீடு கட்டிக்கொண்டு இருக்கின்றான். ஆண்டுக்கொருமுறை பழைய மாணவர் கூட்டத்தில் சந்திப்பதுண்டு. அந்த இரவைப் பற்றி நாற்பத்தைந்து ஆண்டுகளில் இருவரும் ஒரு சொல் பேசியதில்லை. 1951-ம் ஆண்டுக் குழுவின் படமொன்றைப் பெரிதாக அச்சிடுவித்துக் கொண்டுபோயிருந்தோம். கதையைச் சொன்னோம். பின்னர், சொல்ல வேண்டியதையும் சொன்னோம். அவன் குறுக்கே பேசாமற் கேட்டான்.

"ஸ்டேஷன் வாசலில் ஒரு கிழவி இட்லி விற்றாள். நான்கு தின்றேன். அந்த ஊரில் நல்ல இட்லி அதுதான்" என்றான்.

மலரில் எழுதலாமா என்று கேட்டோம். "எழுது. என் பெயர் வேண்டாம். அந்தச் சொல்லை மட்டும் எடுத்துவிடு" என்றான். எந்தச் சொல் என்று யாம் கேட்கவில்லை. அவன் அவ்வறிக்கையை எம்மைவிட நன்றாக நினைவில் வைத்திருந்தான் என்பது அப்போதுதான் தெரிந்தது.

அதன்பின் மூக்குக்கண்ணாடியை அணிந்துகொண்டு படத்தை மடியில் வைத்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். டோலர் யார், மேட்சன் யார் என்று கேட்டறிந்தான். ஆனால் அவன் பார்வை அவ்விருவர்மேல் நிற்கவில்லை. மற்றவர்களையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இவர்களில் முதலில் வாய் திறந்தவன் யார்?" என்றான்.

எல்லாரும் ஒருமுகமாக மறுத்தனர் என்றே எழுதியிருக்கின்றது என்றோம்.

"இருக்கலாம். ஆனாலும் ஒருவன் முதலில் பேசியிருப்பான். அதைக் கேட்டு எழுதியிருக்க வேண்டும்" என்றான்.

அதற்குள் அவன் மனைவி காப்பி கொண்டுவந்தார். மழைக்குறி தெரிந்ததால் யாம் சீக்கிரமே புறப்பட்டோம். படத்தை அவனே வைத்துக்கொண்டான்.